சொட்டு சிந்தாத முதுகு

எல் ரெமான்சோ பண்ணை,
பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர் எடில்மா அவர்களுக்கு,

நான் நூரி. உங்கள் தங்கை. நான்கு வருடமாக நமக்குள் ஒரு வார்த்தை இல்லை என்பதால் யாரென்று சொல்லி வைக்கிறேன். இது சமாதானக் கடிதம் இல்லை. என் கல்யாண விருந்தில், பாதிரியார் காதுபட, "ஆர்செசியோ பொண்ணு பாக்கல. அவன் குதிரைக்குத் தோதா எடை கம்மியா ஒரு ஆள் பாத்திருக்கான்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. இப்போது கேட்க வந்தது குதிரையைப் பற்றி. குதிரை முதுகு பார்க்கிற மருத்துவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். என்ன செய்ய!

நோட்டாரியோவை உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணத்தன்று ஆர்செசியோ எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்தி, என் பெயருக்கு எழுதிக் கொடுத்தாரே, அந்தக் கறுப்பன். போட்டித் திடலில் மரப்பலகைத் தடத்தின் மேல் விட்டால் நான்கு குளம்பும் நோட்டரி முத்திரை குத்துவதுபோல் ஒரே அளவாக விழும். பெயரே அதனால் வந்ததுதான். அவன் மேல் நான் உட்கார்ந்து, விளிம்புவரை அகுவார்தியென்தே சோம்புச் சாராயம் ஊற்றிய கோப்பையை உள்ளங்கையில் ஏந்தி முற்றத்தைச் சுற்றி வருவேன். ஒரு சொட்டு சாராயம் கீழே விழாது. சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகளுக்கு இதுதான் பழம், இனிப்பு எல்லாம். எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஆர்செசியோ மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

போன வாரம் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது நோட்டாரியோ என் தோளைக் கடித்துவிட்டான். இதுவரை யாரையும் கடித்தவன் இல்லை. சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே காதைப் பின்னால் மடக்குகிறான். மண்ணில் புரள்வதையும் விட்டுவிட்டான். ஆர்செசியோவிடம் சொன்னேன். "கொழுப்பு, வேற ஒண்ணுமில்ல. முதுகுல கோளாறு இருந்தா கோப்பை சிந்தாதா தங்கம்? நீயே சொல்லு" என்றார். சிந்தவில்லைதானே.

மருத்துவரை வரவழைக்க மாட்டார். வாசலில் டாக்டர் வண்டி நின்றால், தங்கள் பெண்குதிரைகளை நோட்டாரியோவோடு இணைசேர்க்கக் கொண்டுவருகிறவர்கள் வேறு பண்ணைக்குப் போய்விடுவார்களாம். ஜூன் கடைசியில் சான் பெத்ரோ திருவிழா. அதில் தேவாலயத்திலிருந்து சந்தைத் திடல்வரை கோப்பையோடு நாங்கள்தான் முன்னால் போக வேண்டும்.

ஃபோனில் கூப்பிட வேண்டாம். இந்த வீட்டு ஃபோன் சாப்பாட்டு மேசையில் இருக்கும். ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்த மாதிரி. பால் வண்டி வில்மாரிடம் கொடுத்தனுப்புங்கள். அவன் மனிசாலெஸ் வரை வருகிறான். பால் விலையைத் தவிர வேறு எதைப் பற்றியும் வாய் திறக்காதவன்.

இப்படிக்கு,
நூரி


மனிசாலெஸ்,
பிப்ரவரி 13

நூரி,

'மதிப்பிற்குரிய' என்றெல்லாம் எழுதி என்னைக் கிழவியாக்காதே. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குதிரைக்காகத்தான் என்று வைத்துக்கொள்.

இரண்டு காரியம் செய். முதலில், அவன் பக்கத்தில் நின்று, சேணம் உட்காரும் இடத்தில் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போ. எலும்பை ஒட்டிக் குழி விழுந்திருக்கிறதா? எலும்பு வீட்டுக் கூரை முகடுபோல் துருத்திக்கொண்டு நிற்கிறதா?

இரண்டாவது, வயிற்றுக்கு அடியில் நட்டநடுக் கோட்டில் விரல் நுனிகளை வைத்து மேல்நோக்கி அழுத்து. மெதுவாகத்தான், உதைத்தால் நான் பொறுப்பில்லை. நல்ல முதுகு உள்ள குதிரை அப்போது வயிற்றை உள்ளிழுத்து முதுகை மேலே தூக்கும். பூனை முதுகைத் தூக்குமே, அதில் கால்வாசி. அவன் தூக்குகிறானா என்று பார்த்து எழுது.

கோப்பை சிந்தவில்லை என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நடக்கிற குதிரையின் முதுகு அசைய வேண்டும், நூரி. நடையே அதுதான்.

கடைசியாக ஒன்று. இங்கே வந்துவிடு. குதிரையோடு வா. குதிரை இல்லாமலும் வா. பின்கட்டு அறை காலியாகத்தான் இருக்கிறது. உனக்கென்று ஒரு ஃபோன்கூட இல்லாத வீட்டில் என்னடி வாழ்க்கை?

எடில்மா


எல் ரெமான்சோ,
பிப்ரவரி 20

டாக்டர் அவர்களே,

நான் குதிரையைப் பற்றிக் கேட்டேன். என் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. இன்னொரு முறை பின்கட்டு அறை என்று எழுதினால் வில்மாரிடம் வெறும் பால் கேன் மட்டும்தான் வரும்.

ஃபோன் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. என் ஃபோன் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. புதிது வாங்கித் தருகிறேன் என்றார், மறந்திருப்பார். எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. அவர் என்மேல் கை ஓங்கியதில்லை, குரல்கூட உயர்த்தியதில்லை. எங்கே வேண்டுமானாலும் நான் போகலாம். எங்கே, யாரைப் பார்க்க, எப்போது திரும்புவேன் என்று சொன்னால் போதும், ருபியெல் வண்டியை எடுப்பார். ருபியெல் பண்ணை மேஸ்திரி, தங்கமான மனிதர். கடைக்குள்ளேயும் கூடவே வருவார். உள்ளாடை வாங்கும்போது மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சரி, குதிரை. நீங்கள் சொன்ன குழி இருக்கிறது. இரண்டு பக்கமும் என் பெருவிரல் புதைகிறது. நான்கு வருடம் இந்த முதுகில் உட்கார்ந்திருக்கிறேன். சேணத்துக்கு அடியில் எப்படி இருக்கிறது என்று ஒரு நாள்கூடத் தடவிப் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு வெளிப்பக்கம் இருக்கும் தசை பலகை மாதிரி கெட்டியாக இருக்கிறது. தட்டினால் சத்தம் வரும்போல. ருபியெல் அதைக் காட்டித்தான், "பாருங்க நூரியம்மா, என்னா கட்டு! இவனுக்குப் போயி நோவுங்கறீங்க!" என்கிறார்.

வயிற்றில் அழுத்தினேன். முதுகு ஒரு நூல்கூட எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நின்றான். விரலை எடுத்த பிறகுதான் மூச்சே விட்டான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அக்கா.

நூரி


மனிசாலெஸ்,
பிப்ரவரி 24

நூரி,

வீட்டைப் பற்றி எழுத மாட்டேன். பால் கேனுக்குப் பயந்துதான்.

இனி கவனமாகப் படி. முதுகில் தசை இரண்டு அடுக்கு. நீயும் ருபியெலும் தட்டிப் பார்த்து மெச்சிக்கொண்டது மேல் அடுக்கு. கழுத்திலிருந்து இடுப்புவரை ஓடும் நீளமான தசை. ஓடவும் தாவவும்தான் அது இருக்கிறது. அதற்கு அடியில், எலும்பைக் கட்டிப்பிடித்தபடி சின்னச் சின்னத் தசைகள் உண்டு. ஓர் எலும்பில் தொடங்கி இரண்டு மூன்று எலும்பு தள்ளி முடிந்துவிடும். வெளியே தெரியாது, பார்த்து யாரும் பாராட்டவும் மாட்டார்கள். ஆனால் குதிரை அசையும்போது ஒவ்வொரு எலும்பையும் அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது அவைதான்.

முதுகில் வலி வந்தால் முதலில் வேலையை நிறுத்துவது இந்த உள்தசை. உன் குதிரைக்கு வலி சேணத்தால் வந்திருக்கும். அது குறுகலாக இருக்கிறது, கல்யாணத்தன்றே கண்ணில் பட்டது. வேலை செய்யாத தசை சூம்பும். நீ விரலை வைத்த குழி அதுதான். உள்ளே பிடிக்க ஆளில்லை என்றதும் மேல்தசை பயந்துபோய் மொத்த முதுகையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விடாது. கீல் செய்கிற வேலையைத் தாழ்ப்பாள் செய்கிற மாதிரி. அடைத்துச் சாத்திவிட்டு நிற்கும். முதுகு அசையாது. அசையாத முதுகின் மேல் கோப்பை எப்படிச் சிந்தும்?

உங்கள் ஊரில் இதற்குத்தான் கைதட்டுகிறார்கள். ஊர் முழுக்கக் குளம்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கிறீர்கள். வலியில் விறைத்த குதிரையும் பலகைமேல் அளவாகத்தான் அடி வைக்கும் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

வலி போனாலும் உள்தசை தானாக எழுந்துகொள்ளாது, எழுப்பத்தான் வேண்டும். மூன்று மாதம் யாரும் ஏறக் கூடாது. தினமும் கொஞ்சம் நடத்திவிட்டு, கையில் வெல்லக்கட்டி எடுத்துக்கொள். மோவாயை நெஞ்சுக்கு, பிறகு முன்னங்கால் முட்டிகளுக்கு நடுவே, பிறகு குளம்புக்குப் பக்கத்தில் என்று வெல்லத்தைக் காட்டி அழைத்துப் போ. அடுத்து இடுப்புப் பக்கம், இரண்டு புறமும். எட்டிய இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும். பிடுங்கித் தின்ன விடாதே. பிறகு வயிற்றில் அந்த அழுத்தம். கடைசியில் மேட்டுப்பாதையில் நடை. சேணம் இல்லாமல், வெறும் தலைக்கயிற்றோடு. மேடு ஏறும்போது முதுகு தானாக வேலை செய்யும். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டு.

மூன்று மாதம் ஏறாமல் இருக்க ஆர்செசியோவிடம் எப்படி அனுமதி வாங்குவாய் என்று தெரியவில்லை. அதற்கு மாத்திரை என்னிடம் இல்லை.

எடில்மா


எல் ரெமான்சோ,
மார்ச் 22

அக்கா,

அனுமதி வாங்கிவிட்டேன்! மேடு ஏறினால் குதிரைக்குப் பின்னழகு கூடும், திருவிழாவில் பார்க்கிறவர்கள் கண் அங்கேதான் நிற்கும் என்றேன். ஆர்செசியோ கொஞ்சம் யோசித்தார். "உனக்கு இப்பத்தான் குதிரை ரசனையே வந்திருக்கு தங்கம்" என்று நெற்றியில் முத்தம் கொடுத்தார். விருந்தாளிகளிடமும் சொல்லிவிட்டார்: கோப்பை இனி திருவிழாவில்தான், அதுவரை ஆவலோடு இருங்கள் என்று. எதையும் தானே நினைத்ததாக ஆக்கிக்கொண்டால் அவருக்குப் பிரச்சினையே கிடையாது.

நோட்டாரியோவுக்கு முதல் வாரம் வெல்லம் முட்டிவரைகூட எட்டவில்லை. தலையைத் தாழ்த்தினால் பின்கால் தடுமாறும். அப்புறம் ஒரு பக்கம் சாய்ந்து என்மேலேயே விழப் பார்ப்பான். ருபியெல் வேலியில் உட்கார்ந்து, "சர்க்கஸ் எப்பம்மா ஆரம்பிக்கும்? டிக்கெட் நான் விக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கால்களுக்கு நடுவே மூக்கைவிட்டு வெல்லத்தை வாங்குகிறான். வாங்கிவிட்டு என்னைப் பார்க்கிறான் பார், பரீட்சையில் தேறின பிள்ளை தோற்றுப்போவான். நேற்று வயிற்றில் விரலை வைத்தபோது முதுகு எழும்பியது. கொஞ்சம்தான். நான் லாயத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நடைக்கு முதலில் ருபியெலும் கூட வந்தார். அவருக்கு முட்டிவலி, இரண்டாவது மேட்டிலேயே சிலுவை போட ஆரம்பித்துவிட்டார். இப்போது பண்ணைக் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே சிகரெட்டோடு உட்கார்ந்துகொள்கிறார். நானும் நோட்டாரியோவும் மட்டும் சாலை வளைவில் இருக்கும் மாதா கோயில்வரை போய்த் திரும்புகிறோம். கோயிலில் மாதாவுக்கு ஒரு வணக்கம், அவனுக்கு ஒரு வெல்லக்கட்டி.

நேற்று திரும்பும்போதுதான் உறைத்தது. கல்யாணமான பிறகு கூட யாரும் இல்லாமல் நான் நடப்பது இதுதான் முதல் தடவை. நடையை எட்டிப் போட்டேன். சந்தோஷத்தில் என்று எழுத ஆசைதான், பயம், அக்கா. யாராவது கூப்பிடுவார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். யாருமே கூப்பிடவில்லை.

வீட்டைப் பற்றி நானே எழுதிவிட்டேன். நீ எழுதாதே.

நூரி


மனிசாலெஸ்,
ஏப்ரல் 2

அன்பு நூரி,

முதுகு எழும்பியது என்ற வரியை இங்கே என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். யார் குதிரை என்று கேட்டார்கள். என் தங்கையுடையது என்றேன். உனக்குத் தங்கை இருக்கிறாளா என்று கேட்டார்கள்.

இனி தரையில் மூங்கில் கழிகளை இடைவெளி விட்டுப் போட்டு அவற்றைத் தாண்டி நடத்து. பின்னோக்கியும் சில அடி நடத்து. மேட்டில் கோயிலைத் தாண்டிப் போகலாம். பாலம்வரை போ; முடிந்தால் அதைத் தாண்டிப் பால் குளிரூட்டும் கொட்டகைவரை.

இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் பாயாதே. உள்தசை திரும்ப வந்தால் மேல்தசை பிடியை விடும். பிடியை விட்டால் முதுகு அசையும். முதுகு அசைந்தால் கோப்பை சிந்தும். சான் பெத்ரோ அன்று எல்லோர் கண் முன்னாலும் சிந்தும். நான் ஒரு குதிரையைத்தான் குணமாக்க முடியும், அதன் வித்தையையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாது. அதற்குள் என்ன செய்யப் போகிறாய் என்று நினைத்துப் பார்.

எடில்மா


எல் ரெமான்சோ,
ஜூன் 5

அக்கா,

நீ சொன்னது நடந்துவிட்டது.

இன்று காலை பாலத்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, சேணம் இல்லாமல் அவன் மேல் ஏறினேன். இத்தனை மாதம் கழித்து. நடக்கவிட்டேன். எனக்குக் கீழே ஏதோ உருண்டது, முதலில் பயந்துபோனேன். முதுகுதான். வலது, இடது என்று என் இடுப்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு போனது. நான்கு வருடம் மேசைமேல் உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் பால் கொட்டகைக்குப் போய் வில்மாரின் தகர டம்ளரை வாங்கித் தண்ணீர் நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு நடத்தினேன். பத்தடி தாண்டுவதற்குள் முழங்கால் நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் கட்டிலில் ஒரு வெள்ளைக் கவுன். ஊர்வலத்துக்காம். ஆர்செசியோ என்னிடம் அளவு கேட்கவே இல்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது. "பொகோத்தாவுலேருந்து பெரிய பண்ணைக்காரர் ஒருத்தர் வர்றார். சிந்தவே சிந்தாதுன்னு அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன். உன்னையும் உன் குதிரையையும் நம்பித்தான் தங்கம்" என்றார். சிந்தினால் என்ன ஆகும் என்று விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன். விளையாட்டாகவே பதில் சொன்னார். "சிந்தினா என்ன, பயிற்சிக்காரன்கிட்ட ஒரு மாசம் அனுப்புவோம். தலைய இழுத்துக் கட்டி, மேல கனமான ஆளா ஏத்தினா பழையபடி ஆயிடும்."

பழையபடி. அந்த முதுகை நான் வெல்லம் வெல்லமாக, விரல் விரலாகக் கட்டியெழுப்பினேன். ஒரு மாதத்தில் அதைப் பலகையாக்கிவிடுவார்கள்.

அதனால் நானே நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன். வெல்லத்தையும் நடையையும் நிறுத்தி, அந்தக் குறுகல் சேணத்தைப் போட்டு நானே ஏறினால், திருவிழாவுக்குள் மறுபடி விறைத்துவிடுவானா? ஒரு நாள் விறைத்திருந்து கோப்பையைக் காப்பாற்றினால் போதுமே. அப்புறம் மறுபடி மெதுவாக ஆரம்பிக்கலாம் இல்லையா? சொல், நீதானே டாக்டர். குணமாக்கியவள் நீ, மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள்.

நூரி


மனிசாலெஸ்,
ஜூன் 9

நூரி,

விறைத்துவிடுவான். நீ கேட்டதற்கு மருத்துவப் பதில் அதுதான். வலி கொடுத்தால் எந்தக் குதிரையும் விறைக்கும், அதற்கு நான் படித்திருக்க வேண்டியதில்லை. மறுபடி ஆரம்பித்தால் மறுபடி வருவானா என்றால், தெரியாது. வராத குதிரைகளையும் பார்த்திருக்கிறேன்.

செய்யாதே என்று எழுத நினைத்துப் பேனாவை வைத்துவிட்டேன். உன் வீட்டில் நீதான் இருக்கிறாய், நான் இல்லை. ஆனால் சான் பெத்ரோ அன்று குதிரை ஏற்றும் வண்டியை எடுத்துக்கொண்டு சந்தைத் திடல் ஓரத்தில் நிற்கிறேன். நீ பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி.

எடில்மா


எல் ரெமான்சோ,
ஜூன் 13

அக்கா,

வராதே. அவர் உன்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து, "மச்சினி வந்துட்டா!" என்று ஊரைக் கூட்டி, பன்றி வறுவல் ஊட்டிவிட்டு அனுப்புவார். வண்டி காலியாகத்தான் திரும்பும். போகிற வழியில், அவ்வளவு மோசமானவன் இல்லையோ என்று உனக்கே தோன்றும். எனக்குத் தோன்றவில்லையா, நான்கு வருடம்?

நேற்று அந்தச் சேணத்தை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனேன். முதுகில் வைத்தேன். அவன் கடிக்கவில்லை. காதைக்கூட மடக்கவில்லை. மோவாயை நெஞ்சுக்கு இழுத்து, முட்டிகளுக்கு நடுவே மூக்கைவிட்டு, வெல்லம் வருமா என்று தானாகவே காத்துக்கொண்டு நின்றான்.

சேணத்தை இறக்கிச் சுவரிலேயே திரும்ப மாட்டிவிட்டேன். என்ன வந்தாலும் வரட்டும்.

நூரி


எல் ரெமான்சோ,
ஜூலை 1

அக்கா,

நீ வராதது நல்லது. வந்திருந்தாயா? கூட்டத்தில் தேடினேன். தேடாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளைக் கவுனில் தேவாலய வாசலிலிருந்து கிளம்பினேன். உள்ளங்கையில் கோப்பை. ஊர்வலத்தில் நாங்கள்தான் முதலில், ஆர்செசியோ பக்கத்துக் குதிரையில், அவருக்கு அந்தப் பக்கம் பொகோத்தா மனிதர். மருந்துக்கடை மூலைவரைகூடப் போகவில்லை. சாராயம் மணிக்கட்டு வழியே ஓடி முழங்கையில் சொட்டியது. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருவன், "நோட்டரிக்கு மை கொட்டிடுச்சுடோய்!" என்று கத்தினான். சிரிப்பு.

ஆர்செசியோவும் சிரித்தார். பக்கத்தில் வந்து, தன் புட்டியிலிருந்து தானே இன்னொரு கோப்பை நிரப்பி என் உள்ளங்கையில் வைத்தார். "ஒண்ணுமில்ல தங்கம். நிமிந்து உக்காரு." அதுவும் சிந்தியது. மறுபடி நிரப்பினார். அவர் கை நடுங்கவே இல்லை, சிரிப்பும் குறையவில்லை. மறுபடி சிந்தியது. கவுன் முழுக்கச் சோம்பு வாடை. இதில் நோட்டாரியோவுக்கு ஒரு கவலையும் இல்லை, தெருவையே தன்னுடையதாக நினைத்து ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தான். நானும் அந்த ஆட்டத்தோடு ஆடிக்கொண்டிருந்தேன். விறைப்பாக உட்காரப் பார்த்தேன், முடியவில்லை, அக்கா. என் முதுகுக்கும் அது மறந்துவிட்டது.

அடுத்த கோப்பையை நிரப்பிக் கொடுத்தபோது, அதைக் குடித்துவிட்டேன்.

யோசித்துச் செய்ததில்லை. ஒரே மடக்கில் குடித்து, காலிக் கோப்பையை அவரிடம் நீட்டினேன். ஊரே விசிலடித்தது. பெண்கள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சிரிக்காதவர் அங்கே ஒருவர்தான்.

மறுநாள் ஆர்செசியோ காபியைக் கலக்கிக்கொண்டே, "மேட்டு நடை போதும். உனக்கும் அலைச்சல்" என்றார். கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது. சாவி ருபியெலிடம். வெள்ளிக்கிழமை மதியம் பயிற்சிக்காரனின் வண்டி வந்து நோட்டாரியோவை ஏற்றிக்கொண்டு போகும். அவன் என் பெயரில் இருக்கும் குதிரை என்றேன். "யாரு இல்லேன்னா? உன் குதிரைதான். உன் நல்லதுக்குத்தான் அனுப்பறேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். இந்த வீட்டில் மோதிக்கொள்ள ஒரு சுவர்கூடக் கிடைக்காது, அக்கா. எங்கே கையை வைத்தாலும் மெத்தை.

சமையலறையில் நின்று எழுதுகிறேன். வில்மார் ஹாரன் அடிக்கிறான். வெள்ளிக்குள் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, தெரியும். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நூரி


பாலத்தடி பால் கொட்டகை,
ஜூலை 3, வெள்ளி, காலை

அக்கா,

வில்மாரின் ரசீதுக்குப் பின்னால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அவன் கேன்களை ஏற்றியதும் நேராக உன்னிடம் வருவான். கடிதத்தைப் படித்ததும் வண்டியை எடு.

காலையில் தலைக்கயிற்றோடு நோட்டாரியோவைக் கதவுக்குக் கொண்டுபோனேன். வண்டியில் ஏற்றுகிற நாளில் நடத்தாவிட்டால் குதிரைக்கு வயிற்றுவலி வரும் என்றேன். ருபியெல் என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். மழைக்காலப் பூட்ஸ் போட்டிருந்தேன். "எப்பவும் போல கோயில் வரைக்குந்தானே நூரியம்மா?"

"ஆமா ருபியெல்."

பூட்டைத் திறந்தார். நான் தாண்டிய பிறகு கூப்பிட்டார். உயிரே போய்விட்டது. திரும்பினால், தன் ருவானாக் கம்பளியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "பாலத்துக்கிட்ட குளிரும்" என்று என் தோளில் போட்டுவிட்டு, கதவுப் பக்கம் திரும்பி சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார்.

மாதாவுக்கு நிற்காமல் வந்தேன், மன்னிப்பாள். பாலத்துப் பலகைகள்மேல் நோட்டாரியோ நடந்த சத்தத்தைக் கேட்டேன். முத்திரையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு குதிரை நடக்கிற சத்தம்.

அவனுடைய பத்திரம் ஜாக்கெட்டுக்குள் இருக்கிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. இந்நேரம் ஆர்செசியோ காபி குடித்துக்கொண்டிருப்பான். கோயில்வரை போனவள் எப்போது திரும்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கேன்களுக்குப் பின்னால் ஒளிகிறேன்; ஆறடிக் குதிரையை எதன் பின்னால் ஒளிப்பது? அவன் பாட்டுக்குக் கொட்டகை வாசலில், இத்தனை மாதம் கழித்து முதல் தடவையாக, மண்ணில் புரண்டுகொண்டிருக்கிறான். நான்கு காலும் வானத்தில்.

யார் முதலில் வருவீர்கள் என்று தெரியவில்லை. நீ வந்தால், வெல்லம் வாங்கிக்கொண்டு வா. இருந்த கடைசிக் கட்டியை நானே தின்றுவிட்டேன்.

நூரி